இளவெயினி என்று பெயர் வைக்கலாமா?

பேத்திக்கு 'இளவெயினி' என்று பெயர் வைக்க மகன் ஆசைப்படுகிறான். இளவெயில் போன்றவள் என்று பொருள் சொல்கிறார்கள். சரியா? பெயர் எங்கிருந்து வந்தது?
- வாசகி, பெரம்பூர்

வெயிலுக்கும் இந்தப் பெயருக்கும் உறவில்லை. இள, எயினி என்று பிரிக்க வேண்டும். நடுவில் நிற்கும் வகரம் உடம்படுமெய். இரண்டு உயிரெழுத்துகள் சந்திக்கும் இடத்தில் வந்து சேர்ந்தது. பாலை நிலத்தில் வேட்டையாடி வாழ்ந்தவர்கள் எயினர். அந்தக் குடியில் பிறந்த பெண் எயினி. அம்பு எய்தலோடு சேர்த்துப் பார்த்து, 'எய்' என்பதே இதன் வேர் என்பவர்களும் உண்டு. எயினர் பெண்களை எயிற்றியர் என்றும் சொல்வார்கள். அவர்கள் சமைத்த புளி சேர்ந்த சூடான சோற்றைச் சுட்ட காட்டுப்பசு இறைச்சியோடு சாப்பிடலாம் என்று பாணனுக்கு வழி சொல்கிறது சிறுபாணாற்றுப்படை.

புறநானூற்றில் இந்தப் பெயரோடு இரண்டு புலவர்கள் இருக்கிறார்கள். பேய்மகள் இளவெயினி பாடியது 11ஆம் பாட்டு. வஞ்சி நகரத்துப் பெண்கள் மணலில் பாவை செய்கிறார்கள், அதற்குச் சூட்ட வளைந்த கிளையில் பூப் பறிக்கிறார்கள், குளிர்ந்த பொருநை ஆற்றில் பாய்ந்து ஆடுகிறார்கள். அந்த ஊரை ஆளும் சேரமான் பாலை பாடிய பெருங்கடுங்கோவின் வீரத்தைப் பாடிய பாடினிக்குப் பொன் நகை கிடைக்கிறது. கூடவே பாடிய பாணனுக்கு வெள்ளி நாரில் தொடுத்த பொற்றாமரை கிடைக்கிறது. பதினெட்டு வரிக்குள் இத்தனையும்!

157ஆம் பாட்டு குறமகள் இளவெயினி பாடியது. தன்னவர்கள் தவறு செய்தால் பொறுத்துக்கொள்பவன், பிறர் வறுமையைக் கண்டு தான் நாணுபவன் என்று ஏறைக்கோன் என்ற குறவர் தலைவனைப் போற்றுகிறாள். பேத்தி வளர்ந்ததும் இந்தப் பாட்டைத்தான் முதலில் படித்துக் காட்டுங்கள்.

உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சில் கொண்டுவந்த பிறகுதான் இந்தப் பெயர் பொதுவாசகர் கண்ணில் பட்டது. 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் தமிழ்ப் பெயர் சூட்டும் வழக்கத்துக்கு வேகம் கொடுத்தது. அப்படியும் இளவரசி, இளமதி பரவிய அளவுக்கு இளவெயினி பரவவில்லை. தமிழாசிரியர் வீடுகளிலும் இலக்கிய ஈடுபாடுள்ள குடும்பங்களிலும் எப்போதாவது கேட்கலாம். வகுப்பில் இன்னொரு இளவெயினி இருப்பது அபூர்வம்.

கூப்பிடும்போது 'எளவு' என்று காதில் விழுகிறதே என்று வீட்டில் பெரியவர்கள் தயங்குகிறார்கள்.
- வாசகர், மயிலாப்பூர்

தயக்கம் நியாயமானதுதான். பேச்சுத் தமிழில் சொல் முதலில் வரும் இகரம் பல இடங்களில் எகரமாகிவிடும்: இடம் எடமாகும், இலை எலையாகும், இளநீர் எளநியாகும். அதே வழியில் இளவெயினி எளவெயினி ஆவாள். ஆனால் இளவரசியையும்தான் எளவரசி என்கிறோம், யாரும் முகம் சுளிப்பதில்லை. பழக்கம்தான் காரணம். மனசு ஒப்பவில்லை என்றால் வீட்டில் 'எயினி' என்று கூப்பிடுங்கள். சுருக்கமாகவும் இருக்கும், பொருளும் கெடாது. 'எயினி' என்றே பதிந்துவிட்டாலும் குறையில்லை.

கவனிக்க வேண்டியது வேறொன்று: 'வெ' குறில். 'இளவேயினி' என்று நீட்டினால் இளவேனிலோடு குழம்பும்.

ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? பிறப்புச் சான்றிதழில் எப்போது சேர்ப்பது?
- வாசகி, குரோம்பேட்டை

ஐ, எல், ஏ, வி, ஈ, ஒய், ஐ, என், ஐ. ஒன்பது எழுத்து போதும். ஒய்யை விட்டால் 'இலவீனி' என்று படிப்பார்கள். முதலெழுத்தை ஈ என்று போட்டால் வருகைப் பதிவேட்டில் 'எலவெயினி' நிரந்தரமாகிவிடும். நியூமராலஜிக்காக ஏ ஒன்று கூட்டுவது, ஐ ஒன்றைக் கூட்டுவது வேண்டாம். ஆதாரில் ஒன்று, மதிப்பெண் பட்டியலில் ஒன்று என்று ஆனால் அவதிப்படப்போவது குழந்தை.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே தகவல் அனுப்பிவிடுவார்கள். பெயரை அப்போதே முடிவு செய்ய வேண்டிய கட்டாயமில்லை. பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். ஒருமுறை சேர்த்த பெயரை மனம் மாறியது என்று சொல்லி மாற்ற முடியாது, எழுத்துப்பிழை திருத்தம் மட்டுமே கிடைக்கும். அதனால் கையெழுத்துப் போடுமுன் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ளகரம் லகரமாகத் தட்டச்சாகியிருப்பதுதான் இந்தப் பெயருக்கு நேரக்கூடிய முதல் பிழை. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான ஆதாரம் இந்தச் சான்றிதழ்தான். பாஸ்போர்ட்டில் இனிஷியல் ஏற்கமாட்டார்கள், விரித்து எழுத வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நட்சத்திர எழுத்துக்குப் பொருந்துமா?
- வாசகர், அம்பத்தூர்

கார்த்திகைக்கு அ, இ, உ, எ என்று பஞ்சாங்கங்கள் தருகின்றன. இளவெயினி, எயினி இரண்டும் அதில் அடங்கும். வேறு நட்சத்திரம் என்றால் சங்கப் பெண்புலவர் வரிசையிலேயே நன்னாகையார், வெள்ளிவீதியார் என்று தேடலாம். 'ஆர்' மரியாதை விகுதி, பெயரிடும்போது விட்டுவிடலாம். ஆதிமந்தி காதுக்கு இனிமைதான், ஆனால் காவிரி வெள்ளத்தில் கணவன் ஆட்டனத்தியைப் பறிகொடுத்துக் கரையெல்லாம் தேடி அலைந்தவள் அவள். அந்தக் கதையும் தெரிந்தே வையுங்கள்.