பதிவுப் படிவத்தில் மதம் கேட்டால் என்ன எழுதுவது?

தம்பி, ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட்டில் அன்மெல்டுங் என்ற முகவரிப் பதிவுப் படிவத்தில் மதம் கேட்கிறார்கள், நாங்கள் ஆர்.சி., பேசாமல் 'இல்லை' என்று போட்டுவிடலாமா, மதச்சார்பற்ற நாட்டில் இதை எதற்குக் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பயப்பட ஒன்றுமில்லை. வரி பிடிக்கத்தான் கேட்கிறார்கள்.

ஜெர்மனியில் அரசுத் திருச்சபை கிடையாது. 1919 வைமார் அரசியல் சட்டம் சொன்னதை 1949 அடிப்படைச் சட்டமும் அப்படியே எடுத்துக்கொண்டது. ஆனால் பிரான்ஸ் மாதிரி அரசு ஒதுங்கியும் நிற்காது. கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் சபைகளுக்காக வரி அலுவலகமே கிர்ஷன்ஸ்டொயர் என்ற சபை வரியைப் பிடித்துக் கொடுக்கிறது. உங்கள் மாநிலத்திலும் பவேரியாவிலும் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9. இது சம்பளத்தில் 8 சதவீதம் இல்லை, வருமான வரியில். மாதம் 500 யூரோ வருமான வரி போனால் சபை வரி 40 யூரோ.

ஊரில் வாங்கிய ஞானஸ்நானமும் இங்கே செல்லும். அதனால் 'இல்லை' என்று எழுதுவது பொய்த்தகவல். பின்னால் தெரியவந்தால் விட்ட வரியையும் சேர்த்துக் கேட்பார்கள். வேண்டாம் என்றால் ஷ்டாண்டஸாம்ட் என்ற பிறப்பு, திருமணப் பதிவு அலுவலகத்தில் முறையாக எழுதிக் கொடுத்து விலகலாம். அது உங்கள் உரிமை. ஆனால் 2012-இல் இந்த நாட்டு ஆயர்கள் போட்ட ஆணைப்படி, விலகியவர் கோவிலில் நன்மை (நற்கருணை) வாங்க முடியாது, ஞானப்பெற்றோராக நிற்க முடியாது. மகளுக்குப் புதுநன்மை (முதல் நற்கருணை) கொடுக்கும் எண்ணம் இருந்தால் யோசித்துச் செய்யுங்கள். உங்கள் மனைவி நர்ஸ் என்றீர்களே, அவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இங்கே நிறைய மருத்துவமனைகள் சபைகளின் கையில் இருக்கின்றன. கத்தோலிக்க மருத்துவமனையில் வேறு மதத்தவருக்கும் வேலை கிடைக்கிறது, சபையை விட்டு விலகியவருக்குத்தான் சிக்கல். எனக்கு இது இன்றுவரை விசித்திரமாகத்தான் படுகிறது.

சம்பளச் சீட்டில் 'ஆர்.கே.' என்று இரண்டெழுத்து வரும், ரோமன் கத்தோலிக்கர் என்று அர்த்தம். ஆபீசில் சம்பளம் போடுகிறவருக்கு அது தெரியும். அதை வைத்து ஓரங்கட்டினால் 2006-ஆம் ஆண்டின் சமநடத்தைச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும்.

நாங்கள் இந்துக்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டோம், யாரும் ஏன் என்று கேட்கவில்லை, வரியும் இல்லை. அப்படியென்றால் எல்லா மதமும் சமமா என்று கேட்டால், வழிபடும் உரிமையில் சமம், வசதியில் இல்லை. இந்த ஏற்பாடு இரண்டு பெரிய சபைகளை மனதில் வைத்துக் கட்டியது. மற்றவர்கள், சபை வரி பிடிக்கும் உரிமை தரும் பொதுச்சட்ட அமைப்பு என்ற தகுதியை மனுப் போட்டு வாங்க வேண்டும். இத்தனை லட்சம் முஸ்லிம்கள் வாழும் நாட்டில் முதல்முதலாக ஒரு முஸ்லிம் அமைப்புக்கு அது கிடைத்ததே 2013-இல்தான், ஹெஸ்ஸன் மாநிலத்தில் அகமதியாக்களுக்கு.

பள்ளியில் மத வகுப்பு ஒரு பாடமாகவே இருக்கும். அனுப்புவதா வேண்டாமா என்பது பெற்றோர் முடிவு. 14 வயதானால் பிள்ளையே முடிவு செய்யலாம், சட்டப்படி.

அப்புறம், தமிழ்ப் பூசை எங்கே என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் பங்குக் கோவிலில் விசாரியுங்கள். ஆகஸ்டில் நெதர்லாந்து எல்லையோரம் கெவெலார் மாதா கோவிலுக்குத் தமிழர்கள் யாத்திரை போவார்கள், பெரும்பாலும் ஈழத்தமிழர். இந்துக்களும் நிறையப் பேர் வருவார்கள். ஷ்டுட்கார்ட்டிலிருந்து நல்ல தூரம், ரயில் டிக்கெட்டை முன்னாலேயே போட்டுவிடுங்கள்.