போத்தலில் கலக்காதீர்கள், உங்கள் தட்டில் மட்டும் விடுங்கள்

கேள்வி: உப்புத் தண்ணீரில் புளிக்கவைத்த மிளகாய்ச் சோஸ் வீட்டிலேயே செய்கிறேன். அதில் கஞ்சா சேர்க்க விருப்பம். சட்டப்படி செய்யலாமா? பூவாக வாங்குவதா, எண்ணெயாக வாங்குவதா? (வாசகர், ஸ்காபரோ)

பதில்: செய்யலாம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 19 வயது நிரம்பியவர் சட்டப்படி வாங்கிய கஞ்சாவை வீட்டில் தன் சாப்பாட்டில் சேர்ப்பதற்கு, 2018 ஒக்ரோபர் 17 முதல் தடையில்லை. அந்தச் சோஸை விற்றால் அது குற்றம்.

எண்ணெயை வாங்குங்கள். பூவை அப்படியே மிளகாய்ச் சாடிக்குள் போட்டால் காசு வீண். பச்சைப் பூவில் பெரும்பாலும் இருப்பது போதை தரும் பொருளான டி.எச்.சி. அல்ல, அதன் அமில வடிவம். சூடு பட்டால்தான் அது டி.எச்.சி. ஆகும். அப்படி மாறினாலும் கொழுப்பில் கரையுமே தவிர உப்புத் தண்ணீரில் கரையாது. பூவை வீட்டில் எண்ணெயில் காய்ச்சினால் அதன் வலிமையை அளக்க உங்களுக்கு வழியில்லை. அந்த எண்ணெயில் உள்ளியையும் போட்டு மேசையில் வைத்துவிட்டால், காற்றில்லாத இடத்தில் வளர்ந்து உணவை நஞ்சாக்கும் பொட்டுலிசக் கிருமிக்கும் இடம் கொடுத்ததாகிவிடும்.

வாங்கிய எண்ணெயையும் சோஸ் போத்தலுக்குள் ஊற்ற வேண்டாம். இதில் நான் உறுதியாக நிற்கிறேன். எண்ணெய் மேலே மிதக்கும், எவ்வளவு குலுக்கினாலும் சீராகக் கலக்காது. முதலில் ஊற்றுபவருக்கு அளவுக்கு மிஞ்சிப் போகும், கடைசி ஆளுக்கு ஒன்றுமே இருக்காது. கடையில் விற்கும் கஞ்சா உணவில் ஒரு பொதிக்கு 10 மில்லிகிராம் டி.எச்.சி.க்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. வீட்டுப் போத்தலுக்கு அந்த வரம்பைக் காக்க யாரும் இல்லை. சோஸை யார் அளந்து ஊற்றுகிறார்கள்? உறைப்புப் போதாவிட்டால் இன்னும் கொஞ்சம் விடுவோம். உங்கள் வீட்டில் பிள்ளைகளோ அம்மம்மாவோ இருந்தால், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து முட்டைப் பொரியலுக்கு அதே போத்தலை எடுப்பார்கள்.

ஆகவே சோஸ் சோஸாகவே இருக்கட்டும். சாப்பிடும் நேரத்தில், உங்கள் தட்டில் மட்டும், எண்ணெயோடு வரும் அளவுக்குழாயால் விட்டுக்கொள்ளுங்கள். லேபிளில் ஒரு மில்லிலீற்றருக்கு 10 மி.கி. டி.எச்.சி. என்றிருந்தால் கால் மில்லிலீற்றரில் 2.5 மி.கி. இருக்கும். புதியவர்கள் அதற்கு மேல் போக வேண்டாம் என்பதே கனடா அரசின் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடாவின் அறிவுரை. சாப்பிட்ட கஞ்சா வேலை செய்ய அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் எடுக்கும். ‘ஒன்றும் தெரியவில்லையே’ என்று அதற்குள் இரண்டாம் தரம் விடுவதால்தான் பலர் அவதிப்படுகிறார்கள். அதன் பிறகு வாகனம் ஓட்டவே கூடாது.

வாங்கும்போது வரி கட்டியதைக் காட்டும் கலால் முத்திரையையும், சிவப்பில் கஞ்சா இலையும் டி.எச்.சி. என்ற எழுத்தும் உள்ள எச்சரிக்கைக் குறியையும் பாருங்கள். இவை இல்லாமல், பிரபல இனிப்பு, சிப்ஸ் பைகளைப் போலவே உறை போட்டு இணையத்தில் மலிவாக வரும் சரக்கு சட்டவிரோதமானது. அதில் எழுதியிருக்கும் மில்லிகிராமை நம்பாதீர்கள்.

கேள்வி: அந்த எண்ணெயைச் சென்னைக்குக் கொண்டுபோகலாமா?

பதில்: கூடாது. கனடா எல்லையைத் தாண்டிக் கஞ்சா கொண்டுபோவது, போகும் நாட்டின் சட்டம் எதுவானாலும், கனடாவிலேயே குற்றம். இந்தியாவில் 1985 போதைப்பொருள் சட்டத்தின் கீழ் சிறைத் தண்டனைக்குரிய வழக்காகும்.