ராக் புத்தகங்கள்: கேள்வி பதில்

மார்கழியில் ஊரே சபா, கேன்டீன் என்று அலையும்போது ராக் புத்தகங்களைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஆரம்பிக்கும் முன் ஒன்று: நடைபாதையில் கிடைக்கும் திருட்டுப் பதிப்பை வாங்காதீர்கள். இந்த வகைப் புத்தகங்களில் பாதி உயிர் நடுவில் வரும் வழவழப்பான படப் பக்கங்களில்தான் இருக்கிறது. திருட்டுப் பதிப்பில் அவை சாம்பல் பூசியதுபோல இருக்கும், இல்லையென்றால் இருக்கவே இருக்காது.

பெரம்பூர்: சார், ராக் பற்றி இதுவரை எதுவும் படித்ததில்லை. ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்கள்.

‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ இசைக்குழுவின் கிட்டார்காரர் கீத் ரிச்சர்ட்ஸின் ‘லைஃப்’ (2010). ஜேம்ஸ் ஃபாக்ஸ் என்ற பத்திரிகையாளருடன் சேர்ந்து எழுதியது. போதைக் கதைகளுக்காக எல்லாரும் வாங்குகிறார்கள். நான் சிபாரிசு செய்வது கிட்டாருக்காக. ஆறாவது தந்தியைக் கழற்றிவிட்டு, மீதி ஐந்தை ‘ஓப்பன் ஜி’ என்ற முறையில் சுருதி சேர்த்ததும் தனக்கு என்னவெல்லாம் திறந்தது என்று சொல்லிக்கொண்டே போகிறார். படித்த அன்று இரவே என் பழைய கிட்டாரில் தடித்த தந்தியைக் கழற்றி, ஜி-டி-ஜி-பி-டி என்று முறுக்கிப் பார்த்தேன். ஒரு விரலைக் குறுக்கே வைத்து அழுத்தினால் போதும், முழு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) வந்துவிடுகிறது. ‘ஸ்டார்ட் மீ அப்’ பாதி கைக்கு வந்த நேரத்தில் பக்கத்து வீட்டு மாமி ஜன்னலைச் சாத்தினார்.

‘சாடிஸ்ஃபாக்‌ஷன்’ பாட்டின் கிட்டார் வரியைத் தூக்கக் கலக்கத்தில் கேசட்டில் பதிந்துவிட்டு, காலையில் போட்டுப் பார்த்தால் மீதி டேப் முழுக்கக் குறட்டை என்ற கதையும் இதில்தான் இருக்கிறது.

வேளச்சேரி: பீட்டில்ஸ் பற்றி முழுமையான புத்தகம் எது?

மார்க் லூயிசன் எழுதிய ‘டியூன் இன்’ (2013). தொள்ளாயிரம் பக்கத்துக்கு மேல் போகிறது, ஆனால் 1962 முடிவோடு நின்றுவிடுகிறது! அதாவது அவர்கள் புகழ் பெறுவதற்கு முன்பே. இது மூன்று பாகத்தில் முதல் பாகம்தான். பொறுமை இல்லையென்றால் இயன் மெக்டொனால்டின் ‘ரெவல்யூஷன் இன் த ஹெட்’ (1994) எடுங்கள். பாட்டு பாட்டாகப் போகும். ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு அதற்குரிய பக்கத்தைப் படிக்கலாம். உங்களுக்குப் பிடித்த பாட்டை அவர் மட்டம் தட்டியிருந்தால் என்மேல் கோபிக்க வேண்டாம்.

திருவான்மியூர்: அண்ணா, நான் டிரம்ஸ் வாசிப்பவன். டிரம்மர் யாராவது எழுதியிருக்கிறார்களா?

நிக் மேசன், ‘இன்சைட் அவுட்’ (2004). பிங்க் ஃப்ளாய்ட் இசைக்குழுவின் எல்லா ஆல்பத்திலும் இருந்த ஒரே ஆள் அவர்தான். பின்னால் உட்கார்ந்து வாசிப்பவருக்கு முன்னால் நடக்கும் சண்டை எல்லாம் நன்றாகத் தெரியும். தன்னையே கிண்டல் செய்துகொண்டு எழுதியிருக்கிறார்.

வடபழனி: எந்தப் புத்தகத்தில் ஆரம்பிக்கலாம்?

பெரம்பூருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

அடையாறு: பாப் டிலனின் ‘க்ரானிக்கிள்ஸ்’ புத்தகத்தை நம்பலாமா? நோபல் வாங்கியவர் ஆயிற்றே.

படிக்கலாம், தகவலுக்கு நம்ப வேண்டாம். 2004-ல் வந்தது. 1961-ன் நியூயார்க் குளிரில் தொடங்குகிறார். ஊர் உலகம் அவரைக் கொண்டாடிய அறுபதுகளின் நடுப்பகுதியை அப்படியே தாண்டிவிடுகிறார். 1989-ல் வந்த ‘ஓ மெர்சி’ ஆல்பத்தை நியூ ஆர்லியன்ஸில் இழுத்துப் பிடித்து முடித்த கதைக்கு மட்டும் ஓர் அத்தியாயமே ஒதுக்குகிறார். எல்லாரும் கேட்கக் காத்திருந்ததைச் சொல்லாமலே விட்ட தைரியம் எனக்குப் பிடிக்கும். சிக்கல் வேறு இடத்தில். ஜாக் லண்டன் தொடங்கி பலருடைய சொற்றொடர்கள் இதற்குள் புகுந்திருப்பதை வாசகர்கள் வரிவரியாக எடுத்துக் காட்டிவிட்டார்கள்.

அண்ணா நகர்: அப்படியென்றால் திருட்டுதானே? திருட்டுப் பதிப்பு வாங்காதே என்கிறீர்கள், திருட்டு வரிகள் மட்டும் பரவாயில்லையா?

மயிலாப்பூர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நாட்டுப்புறப் பாடகன் எடுத்துத்தான் பாடுவான். ‘வீடு வரை உறவு’ பட்டினத்தாரிடமிருந்து வந்தது இல்லையா? கண்ணதாசனைத் திருடன் என்பீர்களா?

நல்ல அடி. ‘அத்தமும் வாழ்வும் அகத்து மட்டே’ என்று பட்டினத்தார் வீடு, வீதி, சுடுகாடு என்று போன அதே வழியில்தான் கண்ணதாசனும் போனார். அது பாட்டு. மூலம் தெரிந்தவன் கேட்டால் இன்னும் ரசிப்பான். டிலனின் பாட்டுகளுக்கும் இதே சலுகை உண்டு, தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் ‘அன்று நான் இப்படி உணர்ந்தேன்’ என்று ஒருவர் சொல்லும் இடத்தில் இன்னொருவரின் வாக்கியம் வந்து நின்றால், உணர்ந்தது யார்?

மயிலாப்பூர்: நினைவு என்பதே கடன் வாங்கியதுதான் சார்.

அண்ணா நகர்: பாங்க்கில் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்.

போதும் இருவரும்! என் வீட்டில் அந்தப் புத்தகம் நாவல்கள் அடுக்கில் இருக்கிறது. கதை சொல்பவர் பெயர் பாப் டிலன் என்று நினைத்துப் படித்தால் அற்புதமான நாவல். இசைக்காரர்களின் நினைவை ஒருபோதும் தனியாக நம்பாதீர்கள். அதே சம்பவத்தை இன்னொருவர் எப்படிச் சொல்கிறார் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆவடி: லெட் ஸெப்பெலின் பற்றி ‘ஹாமர் ஆஃப் த காட்ஸ்’ (1985) எப்படி?

டீக்கடை பெஞ்சில் கேட்கச் சுகம். அந்த இசைக்குழுவினரே அதை ஒதுக்கித் தள்ளினார்கள்.

தாம்பரம்: பிடிஎஃப் கிடைக்குமா?

கிடைக்காது.

குரோம்பேட்டை: பெண்கள் எழுதியது ஏதாவது? எல்லாம் ஆண்களின் வீரப்பிரதாபமாகவே இருக்கிறது.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் அம்மா. ராக் பாடகி பாட்டி ஸ்மித்தின் ‘ஜஸ்ட் கிட்ஸ்’ (2010). அமெரிக்காவின் நேஷனல் புக் அவார்டு வாங்கியது. நம் இருவரின் கதையை ஒருநாள் எழுதுவேன் என்று, இளவயதுத் தோழரான புகைப்படக் கலைஞர் ராபர்ட் மேப்பிள்தார்ப்புக்கு, அவர் 1989-ல் சாகும் தறுவாயில், வாக்குக் கொடுத்திருந்தார். இருபது வருஷம் கழித்து அதைக் காப்பாற்றினார். இருவரும் கையில் காசில்லாமல் நியூயார்க்கில் அலைந்த நாட்கள்தான் புத்தகத்தின் பெரும்பகுதி. பாட்டி ஸ்மித் புத்தகக் கடையில் வேலை பார்த்துத்தான் வாடகை கட்டினார். ராக் மேடை கடைசிப் பகுதியில்தான் வருகிறது. பசியை இவ்வளவு அடக்கமாக எழுதிய ராக் புத்தகம் நான் வேறு படித்ததில்லை. அப்புறம் விவ் ஆல்பர்டீன் (2014), கிம் கார்டன் (2015) இருவரின் சுயசரிதைகளையும் தேடுங்கள்.

கோடம்பாக்கம்: நம் நாட்டு ராக் பற்றி? தமிழில்?

ஆங்கிலத்தில் சித்தார்த் பாட்டியாவின் ‘இண்டியா சைக்கெடெலிக்’ (2014). சிகரெட் கம்பெனி நடத்திய ‘சிம்லா பீட்’ போட்டி, 1970, 1971-ல் அதிலிருந்து வந்த இசைத்தட்டுகள் என்று அந்தக் காலத்துக்கே கூட்டிப்போகும். தமிழில் ஷாஜியின் இசைக் கட்டுரைகளிலிருந்து தொடங்குங்கள்.

போரூர்: எதில் ஆரம்பிப்பது சார்?

பெரம்பூர். பெரம்பூர். பெரம்பூர்.

சைதாப்பேட்டை: பழைய புத்தகம் வாங்கலாமா? அதிலும் ஏமாற்று உண்டா?

வாங்கலாம், கடையிலேயே பிரித்துப் பாருங்கள். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வாழ்க்கை வரலாறு ஒன்றை நான் அவசரமாக வாங்கி வந்தேன். வீட்டில் பிரித்தால் நடுவில் விரலளவு இடைவெளி. யாரோ பிளேடால் சுத்தமாக, ஓரம்கூடப் பிசிறாமல் எட்டுத் தாள்களை எடுத்திருக்கிறார்கள். ஏதோ ஹாஸ்டல் சுவரில் ஒட்டியிருப்பார்கள். படங்களுக்கான குறிப்புகள் மட்டும் பின்பக்கத்தில் பத்திரமாக இருந்தன.

பெரம்பூர்: சார், ‘லைஃப்’ பழைய பிரதி கிடைத்துவிட்டது!

படங்கள் இருக்கின்றனவா?