கொல்லையில் நிற்கும் கொட்டை மாமரத்தில் இமாம்பசந்து ஒட்டலாமா?

கேள்வி: வீட்டுக் கொல்லையில் 20 வயதுக் கொட்டை மாமரம் (ஒட்டுக்கன்று அல்ல, கொட்டையிலிருந்து முளைத்தது) இருக்கிறது. நிறையக் காய்க்கிறது, ஆனால் பழம் புளிப்பு, நாரும் அதிகம். நல்ல நிழல் தருவதால் வெட்ட மனமில்லை. இதிலேயே இமாம்பசந்து மா ரகத்தை ஒட்டுக்கட்ட முடியுமா? போன வருஷம் மணிக்கட்டுப் பருமன் கிளைகளைப் பிளந்து நாலு குச்சி செருகினேன். நாலும் காய்ந்துவிட்டன. (நத்தம் பகுதி விவசாயி)

பதில்: தாராளமாக முடியும் ஐயா. முற்றிய கிளையில் செருகியதுதான் தவறு. மாவில் அப்படிக் கட்டினால் பிடிப்பது அபூர்வம். கிளையை வெட்டிவிட்டு, அதில் வரும் புதுத் துளிரில் கட்ட வேண்டும்.

தை, மாசியில் மூன்று, நாலு பெரிய கிளைகளைத் தரையிலிருந்து ஐந்தாறு அடி உயரத்தில் சாய்வாக அறுங்கள். முதலில் அடிப்பக்கம் பாதி அறுத்துவிட்டு மேலிருந்து அறுத்தால் பட்டை உரியாது. ஒரு கிளையைக் கட்டாயம் இலையோடு விடுங்கள்; வேருக்குச் சோறு போடுவது அதுதான். மொட்டையாக்கிய மரம் கோடையில் பட்டுப்போகக்கூடும்.

வெட்டுவாயில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் போர்டோ பசை தடவுங்கள்: 100 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 100 கிராம் நீற்றாத சுண்ணாம்பு. இரண்டையும் பிளாஸ்டிக் வாளிகளில் அரை லிட்டர் நீரில் தனித்தனியே கரைத்துக் கலக்கவும். நிழல் போய்விட்ட பட்டை வெயிலில் வெடித்தால் தண்டுத்துளைப்பான் புகும், சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்.

துளிர் கொத்தாக வரும். கிளைக்கு நாலைந்து, வெளிப்பக்கம் பார்த்தவற்றை மட்டும் வைத்து மற்றதைக் கிள்ளிவிடுங்கள். ஆடி, ஆவணியில் பென்சில் கனம் வந்திருக்கும், காற்றிலும் ஈரம் இருக்கும். அதுதான் பருவம்.

பாதி வெற்றி ஒட்டுக்குச்சியில் இருக்கிறது. காய்க்கும் இமாம்பசந்து மரத்தில், பூக்காத, மூன்று நாலு மாத வயதுள்ள நுனிக்குச்சியைத் தேர்ந்தெடுங்கள். வெட்டுவதற்குப் பத்து நாள் முன்பே காம்பு மட்டும் நிற்க இலைகளை நறுக்கிவிட்டால் நுனிமொட்டு உப்பிக்கொள்ளும். பிறகு அரையடி நீளத்துக்கு வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, அன்றைக்கே கட்டிவிடுங்கள்.

துளிரின் தலையை வெட்டி, நடுவில் 4 செ.மீ. பிளக்கவும். குச்சியின் அடியை அதே நீளத்துக்கு இரு பக்கமும் ஆப்புபோல் ஒரே இழுப்பில் சீவவும். இரண்டு கனமும் ஒத்துவராவிட்டால் நடுவில் வைக்காதீர்கள். ஒரு பக்கமாவது பட்டையோடு பட்டை சேர வேண்டும். பாலிதீன் நாடாவால் கீழிருந்து மேலாக இறுக்கிக் கட்டி, குச்சிமேல் ஐஸ் விற்கும் குழல் பையைக் கவிழ்த்து அடியில் கட்டுங்கள். நாடா தளர்ந்து மழைநீர் இறங்கினால் அழுகிவிடும்.

இரண்டு, மூன்று வாரத்தில் மொட்டு வெடிக்கும். இலை விரிந்ததும் பையை எடுங்கள். நாடாவை மூன்று மாதம் கழித்து அவிழ்க்கலாம். ஒட்டுக்குக் கீழே கொட்டை மரத்துத் துளிர் வந்துகொண்டே இருக்கும். வாரம் ஒருமுறை கிள்ளாவிட்டால் அது ஒட்டை அமுக்கிவிடும். பிடித்த ஒட்டுகள் பல வீணாய்ப்போவது இங்கேதான். காற்றில் இணைப்பு முறியாமல் மூங்கில் குச்சி கட்டுங்கள்.

இமாம்பசந்து காய்ப்பில் கொஞ்சம் கஞ்சம். இரண்டு கிளையில் நீலம் ரக மாவைக் கட்டுங்கள்; அது வருஷம் தவறாமல் காய்க்கும். முதல் வருஷப் பூவை உதிர்த்துவிட்டால் மூன்றாம் வருஷம் முதல் பழம் எதிர்பார்க்கலாம். ஒட்டுகள் நன்றாகப் படர்ந்த பிறகு, விட்டுவைத்த கிளையையும் ஒரு தையில் வெட்டி அதிலும் கட்டிக்கொள்ளலாம்.