ராணுவ உபரி வயர் ஆன்டெனாவைச் சிற்றலை ரேடியோவுடன் இணைக்கலாமா?

கேள்வி: ராணுவ உபரிப் பொருளாக விற்கப்பட்ட, ரீலில் சுற்றிய 45 மீட்டர் வயர் ஆன்டெனா ஒன்றை வாங்கினேன். முழுவதும் விரித்துக் கட்டி, என் சிறிய சிற்றலை ரேடியோவின் ஏரியலில் கிளிப் போட்டேன். சிக்னல் மீட்டர் உச்சத்துக்குப் போகிறது. ஆனால் இரைச்சலும் கூடிவிட்டது, ஒரே நிலையம் இரண்டு இடங்களில் கேட்கிறது. வயரில் பழுதா, அல்லது ராணுவ ஆன்டெனா வானொலி கேட்க ஒத்துவராதா?

பதில்: வயரில் பழுது இருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் விவரிக்கும் இரண்டு குறைகளும் வெவ்வேறு காரணங்களால் வருபவை என்பதால் அவற்றைத் தனித்தனியாகவே தீர்க்க வேண்டும்.

முதலில் கையில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். சந்தையில் கிடைக்கும் 45 மீட்டர் ரீல்களில் பல, அமெரிக்க ராணுவத்தின் பிஆர்சி-25, பிஆர்சி-77 போன்ற முதுகுச்சுமை ரேடியோக்களுக்காகச் செய்யப்பட்ட ஏடி-984 வகையைச் சேர்ந்தவை. அந்த ரேடியோக்கள் இயங்குவது 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேல். அங்கே 45 மீட்டர் என்பது பல அலைநீளங்கள். அதனால் ஒரு திசையில் கூர்மையாக அனுப்ப அது உதவியது. சிற்றலையில் அதே வயர் வெறும் நீளக் கம்பிதான், ‘ராணுவத் தரம்’ என்ற பெயரால் கூடுதல் ஆற்றல் எதுவும் வந்துவிடாது. ஜிஆர்ஏ-50 போன்ற இரட்டை ரீல் கிட் உங்களிடம் இருந்திருந்தால் கதை வேறு: அது சிற்றலைக்கே உரிய இருமுனைக் கம்பி (டைபோல்: நடுவில் கேபிளும் இருபுறமும் சம நீளக் கம்பிகளும் உள்ள ஆன்டெனா), வேண்டிய அலைவரிசைக்குத் தக்க நீளத்தில் விரித்துக்கொள்ளலாம்.

இப்போது இரைச்சல். அனுப்பும் ஆன்டெனாவில் வீணாகும் ஒவ்வொரு வாட்டும் இழப்பு. கேட்கும் ஆன்டெனாவுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஏறத்தாழ 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே, வானிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் வரும் இரைச்சல், ரேடியோவின் சொந்த இரைச்சலைவிடப் பன்மடங்கு அதிகம். ஆகவே நீளத்தைக் கூட்டினால் நிலையமும் இரைச்சலும் சேர்ந்தே உயரும். மீட்டர் மட்டும் மகிழ்ச்சி அடையும். இதை உறுதிசெய்ய எளிய சோதனை உண்டு: நிலையம் எதுவும் இல்லாத ஓர் இடத்தில் ரேடியோவை நிறுத்தி, வயரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். மாட்டியதும் சீறல் தெளிவாகக் கூடினால், உங்கள் ரேடியோ வெளி இரைச்சலை ஏற்கெனவே முழுதாகக் கேட்கிறது என்று பொருள். அதற்குமேல் நீட்டுவதால் பயனில்லை. பின்பு 5 அல்லது 10 மெகாஹெர்ட்ஸில் டபிள்யூடபிள்யூவி, பிபிஎம் போன்ற நேர சிக்னல் நிலையங்களில் ஒன்றைப் பிடித்து, சீறலுக்கு மேல் அந்த ‘டிக்’ ஒலி எவ்வளவு எழும்பி நிற்கிறது என்பதைக் கொண்டே ஒவ்வொரு மாற்றத்தையும் எடைபோடுங்கள். மீட்டரைப் பார்க்க வேண்டாம்.

அந்த இரைச்சலில் பெரும்பகுதி வீட்டிலிருந்தே வருகிறது: எல்இடி விளக்குகள், செல்போன் சார்ஜர்கள், இன்வெர்ட்டர். வயரின் ஒரு நுனியை அறைக்குள் கொண்டுவந்து ஏரியலில் கிளிப் போடும்போது, இரைச்சல் மிகுந்த அந்தக் கடைசிச் சில மீட்டரையும் ஆன்டெனாவாக்கிவிடுகிறோம். என்னைக் கேட்டால், இந்த ரீலின் உண்மையான பயன் அதன் நீளத்தில் இல்லை, கேட்கும் புள்ளியை வீட்டைவிட்டு வெளியே தள்ளி வைக்க முடிகிறது என்பதில்தான் இருக்கிறது. வயர் தொடங்கும் இடத்தைச் சுவரிலிருந்து சுமார் 10 மீட்டர் தள்ளி அமையுங்கள். அங்கே 9:1 ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வையுங்கள்; வயரின் அதிக மின்மறுப்பைக் கேபிளுக்கு ஏற்றபடி ஒன்பதில் ஒரு பங்காகக் குறைப்பது அதன் வேலை. ஃபெரைட் வளையத்தில் 3:1 என்ற சுற்று விகிதத்தில், ஒன்றையொன்று தொடாத இரு தனிச் சுற்றுகளாக இருப்பது நல்லது. வயர்ப் பக்கச் சுற்றின் மறுமுனையை அங்கேயே அடித்த எர்த் கம்பியில் இணைத்து, மற்றச் சுற்றிலிருந்து கோஆக்சியல் கேபிள் (டிவி ஆன்டெனாவுக்கு வரும் உலோக மேலுறைக் கேபிள் போன்றது) வழியாக ரேடியோவின் வெளி ஆன்டெனா சாக்கெட்டுக்கு வாருங்கள். வீட்டு இரைச்சல் கேபிளின் மேலுறை வழியே ஏறிவராமல் இந்தப் பிரிப்பு பெருமளவு தடுக்கிறது. வயரில் சேரும் நிலைமின்சாரமும் அதே வழியில் மண்ணுக்குப் போய்விடும். இது சிறிய விஷயமன்று, ஏனெனில் காற்றும் புழுதியும் வீசும் நாளில் நீண்ட வயரில் சேரும் மின்னேற்றம் ரேடியோவின் முகப்பு டிரான்சிஸ்டரைப் பழுதாக்கக்கூடியது.

ஒரே நிலையம் இரண்டு இடங்களில் கேட்பது ரேடியோ திணறுவதன் அடையாளம். இரண்டு இடங்களுக்கும் இடையிலான தூரத்தை அளந்து பாருங்கள். 9,700 கிலோஹெர்ட்ஸ் நிலையம் 8,790-லும் கேட்டால், வித்தியாசம் 910; அது 455 கிலோஹெர்ட்ஸ் இடைநிலை அலைவரிசையின் (பிடித்த நிலையத்தை ரேடியோ உள்ளே மாற்றிக்கொள்ளும் நிலையான அலைவரிசை) இருமடங்கு. அதாவது அது பிம்பம், அதே நிலையத்தின் போலி நகல். எளிய சுற்றமைப்புள்ள ரேடியோக்களில் இது இயல்பு. வித்தியாசம் அப்படி இல்லாமல் கண்ட இடத்திலெல்லாம் குரல்கள் குழம்பினால், வலுவான நிலையங்கள் உள்ளே ஒன்றோடொன்று கலக்கின்றன. அப்போது ரேடியோவின் உணர்திறனைக் குறைக்கும் டிஎக்ஸ்-லோக்கல் சுவிட்சை லோக்கலில் வைத்தால், உண்மையான நிலையம் சற்றே தணியும், போலி சட்டென மறையும். எப்படியானாலும் சிறிய ரேடியோவுக்கு 10 முதல் 15 மீட்டர் வயரே போதும்.

மீதியை ரீலிலேயே விட்டுவிடலாமா என்று நினைப்பீர்கள். காப்புறையிட்ட வயரானால் ரீலில் உள்ள சுற்றுகள் ஒரு சுருளாக நடந்துகொள்ளும். வெற்றுப் பின்னல் கம்பியானால் சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டு ஒரே உலோகக் கட்டியாகும். ஒற்றைக் கம்பியில் கேட்பதற்கு இரண்டாலும் பெரிய கேடில்லை. இருமுனைக் கம்பியாகக் கட்டுவதானால் சரியான நீளம் வேண்டும்: 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும், 49 மீட்டர் பேண்டுக்கு ஏறத்தாழ 24 மீட்டர், 31 மீட்டர் பேண்டுக்கு 15. ராணுவக் கையேடுகளைப் பின்பற்றி இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் கட்டாதீர்கள். தாழ்வாகக் கட்டுவது அலையை நேர்மேலே அனுப்பிச் சில நூறு கிலோமீட்டருக்குள் பேசுவதற்கான உத்தி. தொலைதூர நிலையங்களுக்கு, முடிந்த அளவு உயரமே நல்லது.

பழைய வயரில் வெட்டிய முனைகளை மட்டும் கவனியுங்கள். கள டெலிபோன் வயரான டபிள்யூடி-1 வகையில் ஒவ்வொரு கடத்தியிலும் நான்கு செம்பு இழைகளோடு மூன்று எஃகு இழைகளும் உண்டு; திறந்த முனையில் ஈரம் புகுந்தால் எஃகு துருப்பிடிக்கும். முனையைச் சுரண்டி, செம்பிழைகளில் ஈயம் பற்றவைத்து, மெழுகோ டேப்போ கொண்டு மூடிவிடுங்கள். மின்கம்பிகளுக்கு மேலோ அருகிலோ வயரை எறிந்து கட்டவே கூடாது. இடிமழைக்கு முன்பே கேபிளைக் கழற்றி, அதன் நுனியை வீட்டுக்கு வெளியே வைத்துவிடுங்கள்.

வெட்ட மனம் வந்தால், மிஞ்சும் வயரில் 10 மீட்டரை ட்ரான்ஸ்ஃபார்மரின் எர்த் முனையிலிருந்து தரையோடு தரையாக விரித்துவிடலாம். வறண்ட, பாறை நிலத்தில் எர்த் கம்பியைவிட அதுவே நன்றாக வேலை செய்யும்.