ஒன்பது ‘ஏ’ எடுத்தால் போதுமா? ஐக்கிய உலகக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்போருக்கான கேள்வி பதில்

சாதாரண தரப் பெறுபேறு வெளியானால் யாழ்ப்பாணத்து வீடுகளில் பேச்சு இரண்டுதான்: உயிரியலா கணிதமா, எந்த ரியூட்டறி. சில காலமாக மூன்றாவது பேச்சு ஒன்றும் காதில் விழுகிறது. ஐக்கிய உலகக் கல்லூரிகள், அதாவது யு.டபிள்யு.சி. என்ற வெளிநாட்டுத் தனியார் பள்ளிகளில் புலமைப்பரிசிலோடு இரண்டு வருடம் படிக்கும் வாய்ப்பு. ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த விண்ணப்பங்களை எழுதிய பிள்ளைகள் பலரோடு கூட இருந்திருக்கிறேன். வந்த கேள்விகளுக்குப் பெயர்களை விடுத்து, ஊரை மட்டும் குறிப்பிட்டுப் பதில் எழுதுகிறேன்.

கொக்குவில், ஒரு தந்தை: இது வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் முகவர் வேலையா? ஒருவர் ‘இடம் எடுத்துத் தருகிறேன்’ என்று பணம் கேட்கிறார்.

அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள் ஐயா. இதில் இடைத்தரகருக்கு வேலையே கிடையாது.

குர்ட் ஹான் என்ற ஜேர்மன் கல்வியாளரின் எண்ணத்தில் 1962ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டில் அத்திலாந்திக் கல்லூரி தொடங்கியது. வெவ்வேறு நாட்டுப் பிள்ளைகள் ஒரே விடுதியில் இருந்து படித்தால் பகைமை குறையும் என்பது அவர் நம்பிக்கை. இன்று அந்த வரிசையில் 18 பள்ளிகள் இருக்கின்றன. 150க்கும் மேற்பட்ட நாடுகளில் தேசியக் குழுக்கள் உண்டு, இலங்கைக்கும் ஒன்று இருக்கிறது. விண்ணப்பம் அந்தக் குழுவுக்குத்தான் போகும். குழு பிள்ளையைத் தெரிவு செய்து ஒரு கல்லூரிக்குப் பெயர் கொடுக்கும். இறுதி அனுமதியைக் கல்லூரி வழங்கும். திகதி, வயது எல்லை, கட்டணம் எதுவானாலும் குழு அந்த வருடம் வெளியிடும் அறிவித்தலில் இருப்பதே முடிவு.

நல்லூர், ஒரு மாணவன்: ரீச்சர், எனக்கு 9 ஏ. கிடைத்துவிடும் அல்லவா?

வாழ்த்துகள் தம்பி. ஆனால் கிடைத்துவிடும் என்று சொல்ல என்னால் முடியாது. விண்ணப்பிப்பவர்களில் பலருக்கு 9 ஏ இருக்கும். படிப்புச் சுமையைத் தாங்குவாயா என்று பார்க்க அது உதவும், அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை.

இதை இன்னொரு பரீட்சையாக நினைப்பதுதான் நம் ஊரின் கோளாறு. கடந்தகால வினாத்தாள் எங்கே, மாதிரி விடை எங்கே என்று கேட்டு வருகிறார்கள். தெரிவில் கட்டுரை இருக்கும், நேர்முகம் இருக்கும், பெரும்பாலும் குழுவாகச் சேர்ந்து செய்யும் பணிகளும் இருக்கும். குழுப் பணியில் எல்லோரையும் முந்திக்கொண்டு பேசுகிறவன் தான் வென்றுவிட்டதாக நினைப்பான். பார்த்துக்கொண்டிருப்பவர்களோ, பேசாமல் இருந்த பிள்ளையிடம் ‘நீ என்ன நினைக்கிறாய்’ என்று கேட்டவன் யார் என்று கவனிப்பார்கள்.

கட்டுரைகளில் பாதி ‘சிறு வயது முதலே சமூக சேவையில் எனக்கு ஆர்வம் அதிகம்’ என்று தொடங்கும். வாசிப்பவருக்கு அடுத்த வரிக்குப் போகவே மனம் வராது. வலிகாமப் பக்கத்துப் பையன் ஒருவன் தன் தகப்பனாரின் வெங்காயத் தோட்டத்துக் கிணற்றைப் பற்றி எழுதியிருந்தான். தண்ணீர் எந்த மாதத்தில் உவர்க்கத் தொடங்குகிறது, எத்தனை மணி நேரம் இறைத்தால் உவர் கூடுகிறது என்று ஒரு பழைய கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் குறித்து வந்திருக்கிறான். யாரும் அவனைச் செய்யச் சொல்லவில்லை. எங்கள் குடாநாட்டுக்கு வற்றாத ஆறு கிடையாது, சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் குடிநீர், இறைப்பு மிஞ்சினால் கடல் உள்ளே வரும். இதைப் புவியியல் பாடத்தில் எல்லோரும் படிக்கிறோம். அவன் தன் கிணற்றில் பார்த்தான். நேர்முகத்தில் கேள்விகளில் பெரும்பங்கு அந்தக் கொப்பியைப் பற்றியே இருந்ததாக வந்து சொன்னான்.

உன்னிடம் அப்படி என்ன இருக்கிறது என்று முதலில் யோசி. விருதுப் பட்டியலுக்குள் தேடாதே.

மானிப்பாய், ஒரு தாய்: ரியூசன் ஆசிரியர் கட்டுரையை நல்ல ஆங்கிலத்தில் எழுதித் தருவதாகச் சொல்கிறார்.

வேண்டாம் அம்மா. நேர்முகத்தில் பிள்ளையின் வாயைத் திறக்க வைத்த மறுகணமே எழுதியது யார் என்று தெரிந்துவிடும். எழுத்துப் பிழை பார்த்துக் கொடுக்கலாம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குருநகர், ஒரு தாய்: கணவருக்குக் கடற்றொழில். சம்பளச் சீட்டு என்று ஒன்றும் இல்லை. முழுச் செலவையும் கொடுப்பார்களா? எங்களால் எதுவும் போட முடியாது.

இங்கே இரண்டு விடயங்களைப் பிரித்துப் பாருங்கள். பிள்ளையைத் தெரிவு செய்வது அவளுடைய தகுதியைப் பார்த்து. உதவித்தொகை எவ்வளவு என்பது குடும்பத்தின் நிலையைப் பார்த்து. பணம் இல்லை என்பதற்காக விண்ணப்பிக்காமல் இருக்க வேண்டாம்.

வருமானத்துக்குச் சான்று வேண்டும். கிராம அலுவலரிடம் வருமானச் சான்றிதழ் எடுத்து, பிரதேச செயலாளரின் மேலொப்பம் பெறுங்கள். கணவர் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தவர் என்றால் சங்கத்திடமும் ஒரு கடிதம் கேளுங்கள். வாடைக்காற்றுக் காலத்தில் தொழிலுக்குப் போக முடியாத மாதங்கள் எவை, இயந்திரத்துக்கு எடுத்த கடனில் இன்னும் எவ்வளவு நிற்கிறது, எந்த நகை அடகில் இருக்கிறது என்பதையெல்லாம் ஒரு தாளில் நேராக எழுதிக் கூடவே வையுங்கள். பலர் இதை வெட்கம் என்று மறைக்கிறார்கள். படிவத்தை வாசிப்பவருக்குக் குருநகர் கரை தெரியாது, நீங்கள் எழுதினால்தான் தெரியும். வெளிநாட்டில் இருந்து உறவினர் அனுப்பும் பணம் இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். பின்னால் தெரியவந்தால் எல்லாமே கெட்டுவிடும்.

எல்லோருக்கும் முழுத்தொகை கிடைப்பதில்லை. இடம் கிடைத்தால் கையொப்பம் இடுவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்: படிப்பு, தங்குமிடம், சாப்பாடு தவிர, விமானச் சீட்டு உண்டா? விடுமுறைக்கு வீடு வந்து போகும் செலவு யாருடையது? விசா, காப்புறுதி, கைச்செலவு, குளிர் உடுப்பு? சின்னச் செலவுகள் என்று நினைப்பவைதான் பிறகு வட்டிக்கு வாங்க வைக்கும்.

சுன்னாகம், ஒரு தந்தை: மகனை வைத்தியராக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. உயர்தரத்தை விட்டுப் போனால் என்ன ஆகும்?

எனக்கு வந்தவற்றில் கனமான கேள்வி இதுதான்.

அங்கே படிப்பது ஐ.பி. டிப்ளோமா, அதாவது இன்டர்நஷனல் பக்கலோரியேற் என்ற சர்வதேசப் பாடத்திட்டம். ஆறு பாடங்கள், அவற்றில் பொதுவாக மூன்று உயர் மட்டத்தில். அதோடு 4,000 சொல்வரை ஓர் ஆய்வுக் கட்டுரை, அறிவுக் கோட்பாடு என்ற பாடம், கலை, விளையாட்டு, சேவை. மொத்தம் 45 புள்ளி. உலகப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இதற்கு நல்ல மதிப்பு. ஆனால் இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களுக்குப் பிள்ளைகள் போவது உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி வழியே. இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் தரவரிசையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், மிகுதி பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பகிரப்படுகிறது. உங்கள் மகன் அந்த வரிசையில் நிற்கமாட்டான். இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்து உயர்தரம் எழுதலாம் என்பது பேச்சுக்குச் சரி, நடைமுறையில் மிகக் கடினம்.

ஆகவே வெளிப்படையாகச் சொல்கிறேன். யாழ். மருத்துவ பீடம்தான் இலக்கு என்றால், அது மகனின் ஆசையும் என்றால், விண்ணப்பிக்காதீர்கள். வெளிநாட்டில் மருத்துவம் படிக்க உதவித்தொகை கிடைப்பது அபூர்வம். அமெரிக்காவில் பட்டம் முடித்த பிறகுதான் மருத்துவக் கல்லூரி.

மாறாக, அறிவியலோ பொருளியலோ சூழலியலோ எதுவானாலும் பரந்து படிக்க ஆசைப்படும் பிள்ளை என்றால் கதை வேறு. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய டேவிஸ் திட்டம், ஐக்கிய உலகக் கல்லூரியில் படித்து முடித்தவர்களுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் தேவைக்கேற்ற உதவியளிக்கிறது. இந்த இரண்டு வருடத்தின் பெரிய பெறுமதி அந்த அடுத்த படியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஆனாலும் அந்தப் பல்கலைக்கழகத்தில் அனுமதியைப் பிள்ளை தானே பெற வேண்டும்.

ஒரு வேண்டுகோள்: ‘எங்கள் ஆசை’ என்று எழுதியிருக்கிறீர்கள். மகனிடம் கேட்டீர்களா?

பருத்தித்துறை, ஒரு மாணவி: தமிழ் மொழிமூலம் படித்தேன். ஆங்கிலம் வாசித்தால் விளங்கும், பேச நா எழாது. அங்கே போய்த் தமிழை மறந்துவிடுவேனோ என்ற பயமும் இருக்கிறது.

தங்கச்சி, முதல் தவணை கடினமாகத்தான் இருக்கும். அங்கே வரும் பிள்ளைகளில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் ஏராளம், நீ தனியாள் இல்லை. இப்போதிருந்தே ஒரு தோழியைப் பிடித்து, தினமும் நடந்த ஒரு விடயத்தை ஆங்கிலத்தில் சொல்லிப் பழகு. மனப்பாடம் செய்த வாக்கியங்களை விட்டுவிடு. தேடும் சொல் வராவிட்டால் சுற்றி வளைத்துச் சொல், அதுதான் பேச்சுத் திறமை.

தமிழைப் பற்றிய பயத்துக்கு நல்ல பதில் இருக்கிறது. ஐ.பி.யில் தாய்மொழி இலக்கியத்தை ஆசிரியர் இல்லாமலே, பள்ளியின் மேற்பார்வையில் தானே படித்துப் பரீட்சை எழுத வழி உண்டு. தமிழை அப்படி எடுக்கலாமா என்று கல்லூரி உறுதியானதும் முதல் கடிதத்திலேயே கேள். புத்தகங்களை இங்கிருந்தே கொண்டு போக வேண்டும், அங்கே தேடிக் கிடைக்காது.

சாவகச்சேரி, ஒரு அம்மம்மா (பேத்தி எழுதியது): குமர்ப்பிள்ளையை முன்பின் தெரியாத தேசத்துக்கு எப்படி அனுப்புவது?

அம்மா, 1824இல் உடுவிலில் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கியபோதும் நம் ஊரார் இதையே கேட்டிருப்பார்கள். உங்கள் பயத்தைச் சிறிதாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. விடுதியில் பொறுப்பாசிரியர்கள் கூடவே தங்குவார்கள், தாதியர் இருப்பார்கள். ஆனால் ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் இடம், பல மதத்தவர், பல பழக்கம். மரக்கறிச் சாப்பாடு கிடைக்கும், நம் சுவையில் கிடைக்காது. முன்பு போய் வந்த பிள்ளையின் தாயாரோடு பேச வழி உண்டா என்று தேசியக் குழுவிடம் கேளுங்கள். நான் ஆயிரம் சொன்னாலும் அந்த ஒரு பேச்சுக்கு ஈடாகாது.

வேலணை, ஒரு மாணவன்: நாட்டை நானே தெரிவு செய்யலாமா? கனடாவுக்குத்தான் போக வேண்டும்.

விருப்ப வரிசை கொடுக்கலாம். குழுவுக்கு எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் என்பது வருடத்துக்கு வருடம் மாறும். கனடா தவிர மற்றதெல்லாம் வேண்டாம் என்ற எண்ணம் நேர்முகத்திலேயே வெளிப்பட்டுவிடும், கவனம்.

புனேக்கு அருகே மலைமேல் ஒரு கல்லூரி இருக்கிறது. பலாலியில் ஏறிச் சென்னை போய் மாறலாம். பொஸ்னியாவின் மோஸ்தாரில் உள்ள கல்லூரி 2006இல் தொடங்கியது, போரால் இரண்டாகப் பிளந்த நகரத்தின் பிள்ளைகளும் அங்கே சேர்ந்து படிக்கிறார்கள். தென்னாபிரிக்காவை ஒட்டிய சிறு நாடான எசுவாத்தினியில் உள்ள வாட்டர்போர்ட், தென்னாபிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்த காலத்தில், 1963இல், எல்லா இனப் பிள்ளைகளையும் ஒன்றாகப் படிப்பிக்கத் தொடங்கிய பள்ளி. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இந்த இரண்டு இடங்களிலும் கற்க நிறைய உண்டு. என்னைக் கேட்டால் கனடாவுக்கு முன்னே இவற்றை எழுதுவேன்.

ஸ்காபரோ, ஒரு சித்தப்பா: பெறாமகளுக்கு நான் பணம் கட்டத் தயார். இலங்கை, கனடா இரண்டு நாட்டுக் குழுக்களுக்கும் விண்ணப்பிக்கலாமா?

ஒரே வருடத்தில் இரண்டு குழுக்களுக்கு விண்ணப்பிக்க முடியாது. அவள் இலங்கைப் பிரசை, இங்கே படிக்கிறாள், இலங்கைக் குழுவே அவளுக்குரியது. கட்டணத்தை முழுதாகச் செலுத்தக்கூடிய குடும்பங்களுக்கு உலகத் தெரிவு என்ற தனிவழி இருக்கிறது. அந்தத் தொகை டொலரில் பெரியது. வாக்குக் கொடுக்க முன் சித்தியோடும் பேசிவிடுங்கள்.

அரியாலை, ஒரு தாய்: என்னென்ன பத்திரங்களை இப்போதே ஆயத்தம் செய்யலாம்?

கடவுச்சீட்டு முதலில். 2025 செப்டெம்பரில் யாழ். மாவட்டச் செயலகத்திலேயே அலுவலகம் திறந்துவிட்டார்கள், கொழும்புக்கு இரவு பஸ் ஏறத் தேவையில்லை. அடுத்து, பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பு, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம்.

பெயரைச் சரிபாருங்கள். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் முழுதாக இருக்கும், பாடசாலை அறிக்கையில் முதலெழுத்து மட்டும் இருக்கும், பரீட்சைப் பெறுபேற்றில் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறாக இருக்கும். விசா நேரத்தில் இது தலையிடி. எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல் வர இப்போதே திருத்துங்கள்.

யாழ். நகர், ஒரு வகுப்பாசிரியர்: நற்சான்றுக் கடிதம் கேட்டிருக்கிறார்கள். எப்படி எழுதுவது?

‘ஒழுக்கமான, கீழ்ப்படிவான மாணவி’ என்று எழுதாதீர்கள். எல்லாப் பிள்ளைக்கும் அதைத்தான் எழுதுகிறோம். அவள் வகுப்பில் உங்களோடு மாறுபட்டு வாதாடிய ஒரு நாள் இருக்கும், அதை எழுதுங்கள்.

கோண்டாவில், ஒரு மாணவி: விண்ணப்பித்துவிட்டேன். முடிவு வரும்வரை உயர்தர வகுப்புக்குப் போகவா, விடவா?

போ. ஒரு நாளும் விடாதே. இடங்கள் சொற்பம், கிடைக்காமலும் போகலாம். கிடைக்காவிட்டால், அடுத்த வருடமும் வயது எல்லைக்குள் இருந்தால் மீண்டும் முயலலாமா என்று குழுவிடம் கேள். கிடைத்தால், பாடசாலையில் விடுகைப் பத்திரம் எடுக்க முன் கல்லூரியின் அனுமதிக் கடிதமும் உதவித்தொகைக் கடிதமும் இரண்டும் கையில் இருக்க வேண்டும். தொலைபேசியில் வந்த வாழ்த்தை நம்பி விலகாதே.