ரத்தசோகை இருக்கும்போது மூன்று மாதச் சர்க்கரை அளவை நம்பலாமா?

கம்பத்திலிருந்து குமுளிக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் சென்றுவரும் 36 வயது வாசகி எழுதுகிறார்: "மூன்று மாதச் சர்க்கரை 6.0 என்று வந்திருக்கிறது. சர்க்கரையால் ஒரு காலை இழந்த அம்மாவின் நிலை எனக்கும் வருமா? அம்மாவின் மெட்ஃபார்மின் மாத்திரையில் தினமும் பாதி போட்டுக்கொள்கிறேன்."

அந்த மாத்திரையை இன்றே நிறுத்திவிடுங்கள், அம்மா. ஆண்டுக்கணக்கில் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்து, பாதம் மரத்து, அங்கே வந்த புண் ஆறாமல் போகும்போதுதான் கால் பறிபோகிறது, உங்கள் 6.0 அந்த இடத்திலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது.

என்னைக் கவலைப்பட வைப்பது, நீங்கள் கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஹீமோகுளோபின் 8.4 என்ற குறைந்த அளவும், மாதந்தோறும் எட்டு நாள் நீடிக்கும் உதிரப்போக்கும்தான். ரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. அதிலுள்ள ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையைத்தான் மூன்று மாதச் சோதனை அளக்கிறது. இரும்புச்சத்து குறைந்து புதிய அணுக்களின் உற்பத்தி தளரும்போது பழைய அணுக்களின் பங்கு கூடுவதால், ரத்தத்தில் சர்க்கரை ஏறாமலேயே இந்த அளவு சற்று உயர்ந்து காட்டக்கூடும். உங்கள் வெறும் வயிற்றுச் சர்க்கரை 94 என்பது இயல்பான அளவே.

ஆகவே இந்த வாரமே அரை நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று அரசு மருத்துவமனைக்குச் சென்று, ரத்தசோகைக்கும் உதிரப்போக்குக்கும் காரணத்தைக் கண்டறியுங்கள். உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனையும் கர்ப்பப்பை ஸ்கேனும் தேவைப்படும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ அன்றைக்கே போக வேண்டும். சர்க்கரைக்கு, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சோதனை போதும். அது 140க்குக் கீழே இருந்தால் நிம்மதியாக இருங்கள். 140 முதல் 199 வரை என்றால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 200ஐத் தொட்டால் மருத்துவர் சொல்படி மருத்துவம் தொடங்க வேண்டும்.

சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பது சோதனை ஆகாது. இணையத்தில் பார்த்த சி-பெப்டைடு (உடலின் இன்சுலின் சுரப்பைக் காட்டுவது), இன்சுலின் அளவுச் சோதனைகள் இப்போது உங்களுக்கு வேண்டாத செலவு. மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையைக் கட்டன்சாயாவோடு விழுங்காதீர்கள். தேநீர் அச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும் என்பதால் இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விடுங்கள். ஹீமோகுளோபின் சீராகி மூன்று மாதம் கழித்து மூன்று மாதச் சர்க்கரைச் சோதனையை மறுபடி எடுத்து, இரண்டு அறிக்கைகளையும் சேர்த்து மருத்துவரிடம் காட்டுங்கள்.